கடுகு எங்கே என்று கேட்ட வரி

பட்டியலில் அந்த ஒரு வரி மட்டும் எந்த இணையதளத்தின் பெயராகவும் இல்லை. மற்றதெல்லாம் அவளுக்குத் தெரிந்தவை: அலுவலக மின்னஞ்சல், வானிலை, மகள் விடாமல் பார்க்கும் பொம்மைப்படத் தளம். நடுவே, மாலை நாலு பத்துக்கு, ஆங்கில எழுத்துகளில் ‘கடுகு’ என்று மட்டும் ஏதோ ஒன்று கேட்டிருந்தது. பக்கத்தில் பதில்: அப்படி ஒன்று இல்லை.

கடுகு அவளுடைய மகள். குறைமாதத்தில் உள்ளங்கை அளவுக்குப் பிறந்ததால் அப்பா வைத்த செல்லப்பெயர். இப்போது ஏழு வயது, வாய் மட்டும் ஏழு ஊருக்குக் கேட்கும். பள்ளிப் பதிவேட்டில் அந்தப் பெயர் கிடையாது. வீட்டுக்குள் வாயால் கூப்பிடுவதோடு சரி, யாரும் அதை எங்கேயும் தட்டச்சு செய்ததில்லை.

இந்தப் பட்டியலே வீட்டுக்குப் புதிது. போன வாரம் டேப்லெட்டில் ஏதோ விளம்பரத்தைத் தொட்டுவிட்டு, வரக்கூடாத படங்கள் வந்து மகள் வீடே அதிர அலறினாள். கணவன் வேலை விஷயமாக வெளியூரில். நெட்வொர்க் வேலை பார்க்கும் கொழுந்தன்தான் போனில் வழி சொன்னான்.

“நாம ஒரு தளத்தோட பேரைத் தட்டினா, அது எந்த நம்பர்ல இருக்குன்னு ஒரு இடத்துல கேட்டுட்டுத்தான் அண்ணி கம்ப்யூட்டர் அங்க போகும். அந்த இடத்துக்குப் பேரு டிஎன்எஸ். இப்ப உங்க வீட்டுல இன்டர்நெட் கம்பெனிக்காரனோடதைக் கேக்குது. அவன் எதுக்குக் கேட்டாலும் வழி சொல்லிடுவான். வேற ஒண்ணு இருக்கு. மோசமான இடமா இருந்தா, அப்படி ஒண்ணு இல்லவே இல்லைன்னு சாதிச்சிடும். ரவுட்டர்ல ரெண்டு நம்பரை மாத்துங்க, போதும்.”

மாற்றினாள். அன்று நிம்மதியாகத் தூங்கினாள். புதிய சேவை, வீட்டிலிருந்து எந்தக் கருவி எந்தப் பெயரைக் கேட்டது என்று நிமிடவாரியாகப் பட்டியலும் போட்டு அவள் போனுக்கு அனுப்பியது. பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது அவள் பிழைப்பு. எழுத்து எதைக் கண்டாலும் வரி விடாமல் படிக்கும் வியாதி உண்டு. அப்படித்தான் அந்த வரி கண்ணில் பட்டது. கேட்ட கருவியின் பெயர் இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

மறுநாள் அதே நேரத்தில் ‘கடுகு.தெரு’. இல்லை. அதற்கடுத்த நாள் ‘கடுகு.வாசல்’. இல்லை. வியாழக்கிழமை நாலு பத்துக்கு அவள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் சூடான தூசியின் வாடை வந்தது, பல நாள் அணைத்துக்கிடந்த டிவியைப் போட்டால் வருமே, அந்த வாடை. பாத்திர அலமாரியின் கதவு தானாகக் கொஞ்சம் திறந்து, யாரோ உள்ளே எட்டிப் பார்க்கும் நேரம் அப்படியே நின்று, மெதுவாக மூடிக்கொண்டது. காற்று என்று சொல்லிக்கொண்டாள். ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. பிறகு பட்டியலைத் திறந்தால், ‘கடுகு.சமையலறை’. இல்லை.

சனிக்கிழமை காலையிலிருந்தே மழை. மூன்று மணிக்கே வீடு இருட்டிக்கொண்டு வந்தது. மகள் மாடியில் படம் வரைந்துகொண்டிருந்தாள். நாலு பத்துக்கு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக விழுந்தன. கடுகு.கூடம், இல்லை. கடுகு.குளியலறை, இல்லை. கடுகு.படி, இல்லை. கொழுந்தனை அழைத்தாள்.

அவன் சிரித்தான். “ஏதாவது ஆப் பண்ற சேட்டையா இருக்கும் அண்ணி. பயப்படாதீங்க. அந்த சேவையில ‘சொந்தப் பதில்’னு ஒரு பெட்டி இருக்கும் பாருங்க. கடுகுன்னு எப்படிக் கேட்டாலும் உங்க லேப்டாப்போட நம்பரைச் சொல்லுன்னு போடுங்க. கேக்குறது லேப்டாப்பைத் தேடி வரும்ல, கையும் களவுமா புடிச்சிடலாம்.”

“லேப்டாப்புக்கு ஒண்ணும் ஆயிடாதே? திங்கக்கிழமை முந்நூறு பக்கம் குடுக்கணும்ப்பா.”

“ஒண்ணும் ஆகாது. போட்டுப் பாருங்க.”

அவளுக்கு மனசு வரவில்லை. எந்தச் சனியனோ உள்ளே புகுந்து முந்நூறு பக்கத்தையும் தின்றுவிட்டால் யாரைப் போய்க் கேட்பது? இவ்வளவுக்கும் காரணமான டேப்லெட்டைத் தண்டனையாகப் பிடுங்கி, கூடத்து மேசையில் சார்ஜ் போட்டு வைத்திருந்தாள். போனால் அது போகட்டும். பெட்டியில் டேப்லெட்டின் நம்பரைப் போட்டுச் சேமித்தாள்.

புதிதாக ஒரு வரி விழுந்தது. கடுகு.மாடி.

இந்த முறை பக்கத்தில் ‘இல்லை’ என்று வரவில்லை. அவள் கொடுத்த நம்பர் வந்தது.

அதன்பின் எதுவும் வரவில்லை. ஒரு நிமிடம் பார்த்தாள், இரண்டு நிமிடம் பார்த்தாள். கேள்வி நின்றுவிட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டபோது போன் அடித்தது.

“அண்ணி, இப்பத்தான் எனக்கு உறைச்சுது.” கொழுந்தனின் குரலில் சிரிப்பு இல்லை. “வெளியில இருக்கறவன் கேட்டா உங்க பட்டியல்ல வரவே வராது. உங்க வைஃபைக்குள்ள இருக்கறதுதான் அதுல கேக்க முடியும். அது வீட்டுக்குள்ளதான் இருக்கு. நம்பரைப் போட்டுட்டீங்களா?”

அவள் கூடத்து மேசையைத் திரும்பிப் பார்த்தாள். சார்ஜர் ஒயர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. டேப்லெட்டைக் காணோம்.

“அண்ணி?”

போன் கையில் இருப்பதையே மறந்து படியேறினாள். ஏழாவது படியில் அந்த வாடை. சூடான தூசி. மேலே போகப் போக அடர்ந்தது.

“கடுகு!”

பதில் இல்லை. கூப்பிட்டால் எதிர்க்கேள்வி கேட்காமல் இருக்கத் தெரியாத பெண். மழைச் சத்தம்கூட இல்லை. மழை பெய்துகொண்டுதான் இருந்தது, சத்தம் மட்டும் இல்லை.

கதவு திறந்திருந்தது. பாதி வரைந்த படம். மூடி திறந்த பேனா. கட்டிலின் மேல் குடைபோல விரித்துப்போட்ட போர்வை, திருட்டுத்தனமாகப் பார்ப்பதற்கு. விலக்கினாள். யாரும் இல்லை. டேப்லெட் மட்டும். அணைந்திருந்தது. அவள் தொட்டபோது ஒரு குழந்தையின் கன்னம்போல் வெதுவெதுப்பாக இருந்தது. கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். அலமாரியில் பார்த்தாள். ஜன்னல் உள்தாழ்ப்பாள் போட்டபடி.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. கொழுந்தன் இல்லை. பட்டியல்.

புதிய வரி. கேட்ட கருவியின் கட்டம் இப்போது காலியாக இல்லை. டேப்லெட்டின் பெயர் இருந்தது, அவள் இடது கையில் அணைந்து கிடந்த அதே டேப்லெட்.

அம்மா. அப்படி ஒன்று இல்லை.

அம்மா.வீடு. அப்படி ஒன்று இல்லை.

அம்மா.மாடி. அப்படி ஒன்று இல்லை.

“இங்கதான்டா இருக்கேன்!” தொண்டை கிழியக் கத்தினாள். சுவரைப் பார்த்து, கட்டிலைப் பார்த்து, கருத்த திரையைப் பார்த்து. “கடுகு, அம்மா இங்கதான் இருக்கேன்!”

வரிகள் நிற்கவில்லை. நொடிக்கு ஒன்று. நொடிக்கு இரண்டு.

அம்மா. இல்லை.

அம்மா. இல்லை.

அம்மா. இல்லை.