முன்னூற்றுப் பன்னிரண்டு சம்மதங்கள்

டெல்ஃபினா உள்ளே நுழைந்தபோது, வரலாற்று ஆய்வாளர் அன்செல்மோ பரேரா கின்டானா ஆவணக் காப்பகத்து இழுப்பறை ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இருபது வருஷப் பகை. டெக்ஸாஸின் அந்த எல்லையூரில் பாதிப் பேர் இழுப்பறையின் கட்சி.

"அன்செல்மோ ஐயா, பதினோரு மணிக்கு மாவட்ட சபையில ஓட்டெடுப்பு. 'தானாகக் கிளம்பும் திட்ட'த்தைத் திரும்பக் கொண்டுவரப் போறாங்க. வந்துச்சுன்னா மெக்ஸிகோவுக்கு அனுப்புற பட்டியல்ல முதல் பேரு என் வீட்டுக்காரருதான்."

"என்ன ஆதாரம் காட்டுறாங்க?"

"1931-ல முன்னூத்திப் பன்னிரண்டு மெக்ஸிகோக்காரங்க சந்தோஷமா கையெழுத்துப் போட்டுட்டு சொந்த நாட்டுக்கு ரயிலேறினாங்களாம்."

உதவியாளர் ஓடிஸ், ஓய்வுபெற்ற தபால்காரர், அந்தப் பழைய சம்மதப் படிவக் கட்டோடு ஓடிவந்தார். "அலசிட்டேன் சார்! தேதி சரி, முத்திரை சரி. ஒரு குத்தம் சொல்ல முடியாது."

அன்செல்மோ முதல் தாளைப் பார்த்தார். மேலே தட்டச்சில் 'ரமோன் ஒச்சோவா தேயெஸ்'. கீழே கையெழுத்து: 'ஆர். ஓ. தேயெஸ்'.

"டெல்ஃபினா, உன் முழுப் பேரு?"

"டெல்ஃபினா ரோப்லெஸ் மத்தா."

"சுருக்கிக் கையெழுத்துப் போடு."

'டெ. ரோப்லெஸ்' என்று போட்டாள்.

"மத்தாவை ஏன் விட்ட?"

"அது அம்மா வழிப் பேரு. நடுவுல வர்ற அப்பா பேருதானே குடும்பப் பேரு? அதைக் குறுக்கினா எங்கப்பா கல்லறையை விட்டு எழுந்து வந்துடுவாரு."

"இங்க முன்னூத்திப் பன்னிரண்டு அப்பனும் எழுந்து வரணும். எல்லாரும் அப்பா பேரைக் குறுக்கி, அம்மா பேரை நீட்டியிருக்காங்க. கடைசிப் பேருதான் குடும்பப் பேருன்னு நினைக்கிறது யாரு?"

ஓடிஸ் முகம் சிவந்தது. "நானும் அப்படித்தான் சார் முப்பது வருஷம் தபாலைப் பிரிச்சேன்."

"அதான் உங்களுக்குக் குத்தம் தெரியல. கையெழுத்துப் போட்டது அவங்க இல்ல, ஆங்கிலம் பேசுற குமாஸ்தா."

சபையில் அன்செல்மோவுக்குப் பேச இரண்டு நிமிஷம் தந்தார்கள். அந்தக் கட்டிடத்தில் ஒழுங்காக வேலை செய்கிற ஒரே சாமான், நேரம் முடிந்ததும் அடிக்கிற மணிதான். "1931-ல யாரும் சம்மதிக்கல. அதே படிவத்தை வெச்சு அதே திட்டம் போட்டா, அதே பொய்தான் வரும்" என்று அவர் முடிப்பதற்குள் அது அடித்தது.

தலைவர் ஹாலோவே கொட்டாவியை விழுங்கினார். "வரலாறு நல்லாத்தான் இருக்கு பெரியவரே. நாங்க பேசுறது கொள்கை."

ஆதரவாக நாலு ஓட்டு, எதிராக ஒன்று. திட்டம் நிறைவேறியது.

"கத்தணும் போல இருக்கு" என்றாள் டெல்ஃபினா, வாசலில்.

"நான் இருபது வருஷமா இழுப்பறைகிட்டக் கத்துறேன்."

ஓடிஸ் கூட்டக் குறிப்புத் தாளோடு மூச்சிரைக்க வந்தார். "சார், நீங்க எப்போ இதுல கையெழுத்துப் போட்டீங்க?"

'சாட்சி ஆட்சேபிக்கவில்லை' என்றிருந்தது. அடியில் கையெழுத்து: 'ஏ. பி. கின்டானா'.

அன்செல்மோ அதன்மேல் கட்டைவிரலை வைத்து எடுத்தார். விரல் நீலமாக வந்தது.

"இது வரலாறு இல்லையே, டெல்ஃபினா. இன்னும் காயவே இல்ல. வக்கீல் வீடு எந்தத் தெரு?"