சோளகத்து ஈயம்

மூன்று வயதில் ஊர்காவற்றுறைக் கரையில் நின்று "கடல்" என்று கத்திய பிள்ளை, நாலு வயதில் அதே கடலைக் கைகாட்டிவிட்டு வாயைத் திறந்தபடி நின்றாள். சொல் வரவில்லை. தாய் அன்ரனிட்டா சொல்லிக்கொடுத்தாள். றோஸ் தாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுத்தம் சோறு போடும் என்பார்கள். ஏழு மாத வயிற்றோடும் சட்டிபானையைப் பளபளவென்று தேய்க்காமல் படுக்காதவள் அன்ரனிட்டா. சோளகக் காற்றில் முற்றத்து அடுப்பு நிற்காதென்று கணவன் ஜெனிஸ்ரன் பழைய கார் பற்றறிகளை உடைத்து, குசினிக்குள்ளேயே ஈயம் உருக்கி வலைக்குக் குண்டு வார்ப்பான். ஈயம் சீறும் சத்தமும், தொண்டையில் இனிப்பாகப் படியும் புகையும், ஓட்டிடுக்கில் விசிலடிக்கும் காற்றும் பின்நேரம் முழுக்க வீட்டை நிறைத்துக் கிடக்கும். ஆறிய பிறகு அந்த அடுப்புச் சாம்பலைத் தும்பில் தொட்டுத்தான் எல்லாவற்றையும் தேய்ப்பாள். சோற்றுப் பானையை. றோஸின் கிண்ணத்தை.

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் டொக்டர் றோஸின் உதட்டை விலக்கினார். பல்முரசோரம் நீலக்கோடு. ஈயம் ரத்தத்தில் ஏறி எலும்புவரைக்கும் போய்விட்டது என்றார்.

"மருந்து குடுப்பம். ஆனா மூளையில பழுதானதைத் திருத்த ஏலாது, தங்கச்சி. நீரும் சோதிக்க ரத்தம் குடுத்திட்டுப் போம். தாயில இருந்தா வயித்துப் பிள்ளைக்கும் போகும்."

"நான் நல்லாத்தான் இருக்கிறன், டொக்டர். கடைசி பஸ் போயிடும்."

வீட்டுக்கு வந்ததும் சாம்பலை அள்ளிக் கொட்டினாள். தண்ணீர் ஊற்றி ஊற்றி அடுப்பைக் கழுவினாள், நிலத்தைக் கழுவினாள், கிண்ணத்தைக் கழுவினாள். இந்தக் கையால்தானே சோறு தீத்தினேன்? யாரை நோவது?

பின்னால் ஒரு சத்தம்.

கறுக். கறுக்.

கருக்கல் இருட்டில், வலைக் குவியலுக்குப் பக்கத்தில் றோஸ் குந்தியிருந்தாள். கன்னம் உப்பியிருந்தது. அன்ரனிட்டா விரலை விட்டு எடுத்தாள். ஈயக்குண்டு. அதில் பாற்பல் அடையாளங்கள். குவியலில் கிடந்த குண்டுகளைத் தடவினாள். ஒன்று. இன்னொன்று. எல்லாவற்றிலும் பல்.

றோஸ் சிரித்தாள். கை நீட்டினாள். இன்னும் கேட்டாள்.

அன்ரனிட்டாவின் வாய்க்குள் அதே இனிப்பு. கொப்பளித்தாள். போகவில்லை. அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். மெல்ல உதட்டை விலக்கினாள்.

நீலம்.

வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது.