தேய்ந்த எழுத்து

இப்போதெல்லாம் எவனும் கையால் தொட்டுப் பார்ப்பதில்லை. மோட்டார் ஓடுகிறதா என்று குழாயைப் பிடித்துப் பார்க்கத் தெரியாது, உப்புத் தண்ணீர் முற்றிவிட்டதா என்று நாக்கில் வைத்துப் பார்க்கத் தெரியாது. எல்லாவற்றுக்கும் ஒரு கண்ணாடித் துண்டு பதில் சொல்ல வேண்டும். அதுவும் தீப்பெட்டி அளவுக்கு. பச்சமுத்து அந்தக் கண்ணாடியைத் தோள் துண்டால் மறுபடியும் அழுத்தித் துடைத்தார். கறை போகவில்லை.

உச்சி வெயில். வெளியே உப்புப் பாத்திகளும் குவியல்களும் வெள்ளையாய் எரிந்தன. அந்த வெளிச்சத்திலிருந்து மோட்டார் கொட்டகைக்குள் வருகிறவனுக்குக் கொஞ்ச நேரம் எதுவும் தெரியாது. துருவும் பழைய கிரீஸும் கொட்டகையை ஒட்டிய இறைப்புக் குழியிலிருந்து ஏறிவரும் அழுகிய பாசியுமாக நாற்றம்தான் முதலில் முகத்தில் படும், அதற்குப் பிறகுதான் சுவரில் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியின் நீல வெளிச்சம். இது புதுப் பெட்டி. மாட்டிப் பத்தொன்பது நாள்தான் ஆகிறது.

பழையதைக் கழற்றியவன் அனுமந்தையிலிருந்து வந்த மெக்கானிக் சிங்காரம். ஒரே எழுத்து மாதக்கணக்கில் எரிந்தால் அந்த இடம் மட்டும் தேய்ந்துவிடுமாம். பிறகு கண்ணாடி முழுக்க எரியும்போது தேய்ந்த எழுத்து மங்கலாக நிற்குமாம். "தழும்பு மாரிதான், பெருசு. போவாது" என்றான்.

இங்கிலீஷ் எழுத்து பச்சமுத்துவுக்குத் தெரியாது. எண்ணத்தான் தெரியும். மோட்டார் நின்றிருந்தால் இருண்ட கண்ணாடியில் நீலமாய் மூன்று எழுத்து. ஓடினால் கண்ணாடி முழுக்க வெளிச்சம், அடியில் சின்னதாய் இரண்டு எழுத்து. மழைக்காலம் நாலு மாதமும் பாத்திகள் வெள்ளத்தில் கிடக்கும், மோட்டாருக்கு வேலையில்லை. அந்த மூன்று எழுத்துதான் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

குழியில் அடைப்பெடுக்க இறங்குகிறவன் விளிம்பில் நின்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கொட்டகையிலிருப்பவர் பதில் சொல்லாமல் காலை வைக்கக் கூடாது. உப்பளத்து வழக்கம் அது.

பழைய பெட்டி இருந்தபோது, அன்று அடைப்பெடுக்க வந்த முருகையனும் கேட்டான். "எறங்கலாமா?"

பக்கத்து அளத்து டீசல் எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது. குழாயில் தண்ணீர் வரவில்லை. பச்சமுத்து வெயிலில் நின்றபடியே தலையை மட்டும் உள்ளே நீட்டினார். வெளிச்சத்துக்குள் மங்கலாய் மூன்று எழுத்து. மோட்டார் நின்றிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். குழாயைத் தொட்டிருக்கலாம். நாலே எட்டில் இருந்தது.

"எறங்குடா" என்றார்.

கரண்டு ஏறியிருந்தது தண்ணீரில். முருகையனின் வலது கை மட்டும் ஒரு தடவை வெளியே வந்து விளிம்பைப் பிடித்தது. அப்புறம் விட்டது.

விசாரித்தவர்களிடம், குடித்துவிட்டு என்னைக் கேட்காமல் இறங்கினான் என்று பச்சமுத்து சொன்னார். ஊர் நம்பிக்கொண்டது.

இப்போது கொட்டகை வாசலில் நிழல் விழுந்தது. பூவிழி. முருகையன் பெண்டாட்டி. புருஷன் வாரிய பாத்தியிலேயே இப்போது உப்பு வாருகிறாள். காலெல்லாம் உப்பு அரித்துப் புண்.

"மாமா, எம் பொண்ண பள்ளிக்கூடத்துல குடிகாரன் பொண்ணுன்றாங்க."

அவர் பெட்டியையே பார்த்தார்.

"எங்க வூட்டுத் தொட்டியக் கழுவ எறங்கறப்பகூட என்ன ரெண்டு வாட்டி கேப்பாரு அந்தாளு. பயந்தாங்கொள்ளி. அவரு ஒங்களக் கேக்காமலா எறங்குனாரு?"

சொல்லிவிடலாம். வாய்வரை வந்தது.

"எத்தினி வாட்டிம்மா சொல்றது. கேக்கல."

அவள் போய்விட்டாள். உப்பில் அவள் நடக்கும் நறநறப்பு தேய்ந்து தேய்ந்து நின்றது.

பச்சமுத்து திரும்பினார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, கண்ணாடி முழுக்க நீலம். அந்த நீலத்தில் கறை பெருத்திருந்தது. நேற்று மூலையில் ஒரு புள்ளி. காலையில் ஒரு கோடு. இப்போது நாலு கோடு, பக்கத்தில் குட்டையாய் ஒன்று. எண்ணினார். எண்ணத்தான் அவருக்குத் தெரியுமே.

ஐந்து.

கீழே அகலமாய் ஒரு மங்கல். உள்ளங்கை.

பத்தொன்பது நாளில் எப்படித் தேயும்? எந்தக் கை இதில் எரிந்தது?

மெயினை இறக்கினார். மோட்டார் முனகி அடங்கியது. போதாதென்று பீஸ் கட்டையையும் பிடுங்கினார். வெளிச்சம் அணைந்தது.

கை அணையவில்லை.

அமைதி. டீசல் எஞ்சின் சத்தமும் இல்லை. குழியில் ஒரு சொட்டு. இன்னொன்று. பாசி நாற்றம், இப்போது மிகக் கிட்டத்தில்.

"எறங்கலாமா?"

குழியின் விளிம்பில் யாருமில்லை. பூவிழி தூரத்தில் குனிந்து வாரிக்கொண்டிருந்தாள். குரல் அவளுடையதுமில்லை.

பச்சமுத்து பீஸைக் கீழே போட்டார். பதில் சொல்லவில்லை. சொல்ல மாட்டார். வெளியே வந்து வரப்பில் நடந்தார். வெயில் முகத்தில் அடித்தது. வெள்ளைக் குவியலில் அந்தக் கை. அடுத்த குவியலிலும். வானத்திலும். பூவிழியின் குனிந்த முதுகிலும்.

கண் கோளாறு. உப்பு வெள்ளை கண்ணில் ஒட்டிக்கொள்ளும், முப்பது வருஷமாகத் தெரிந்த விஷயம். பாண்டிச்சேரியில் காட்டினால் சரியாகிவிடும். பெட்டியும் கோளாறு. இந்தக் காலத்துச் சாமானே கோளாறு.

கண்ணை மூடித் திறந்தார். மூடித் திறந்தார்.

ஒவ்வொரு தடவையும் விரல்கள் இன்னும் கொஞ்சம் மடங்கியிருந்தன, எதன் விளிம்பையோ பிடிப்பதுபோல.

அவர் நடந்துகொண்டே இருந்தார்.