ஆர்டித்தின் எச்சில் பக்கங்கள்

ஆர்டித் கோல்ஸ்டாடின் வீட்டு வாசலில் வழக்கம்போல எல்லோரும் பனிக்காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போனோம். செத்துப்போனவள் வீடு என்றாலும் காலணியோடு நுழைகிற பழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. அன்றைக்கு மட்டும் அந்த மரியாதையைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். கம்பளத்தில் கால் வைத்ததுமே காலுறை ஒட்டியது. அடுத்த அடி எடுத்துவைக்கப் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை மதியம். வெளியே பனி வெளிச்சத்தில் கண் கூசியது. உள்ளே திரைச்சீலைகள் எல்லாம் மூடியே இருந்தன. ஆர்டித்தின் மருமகள் டோனா சாவியைக் கொடுத்து, "உங்க வாசிப்பு வட்டத்து ஆளுங்க வந்து வேணுங்கிற புத்தகத்த எடுத்துக்கோங்க, மிச்சத்த எரிச்சுடுவேன்" என்று சொல்லியிருந்தாள். அறையில் நிறைந்திருந்த வாடையை என்னால் பிரித்துச் சொல்ல முடியும். வினிகரில் ஊறிய ஹெர்ரிங் மீன், ஈரக் காகிதம், எல்லாவற்றுக்கும் அடியில் பொய்ப்பல் ஊறவைக்கிற மாத்திரையின் புதினா.

நான் மார்லிஸ். பல் மருத்துவரிடம் பல் சுத்தம் செய்யும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பெல்டன் ஊரில் பாதிப் பேரின் வாய்க்குள் என் கை போயிருக்கிறது. எச்சில் எனக்குப் புதிதல்ல. ஆனால் அது இருக்கவேண்டிய இடம் வாய். புத்தகம் அல்ல.

ஆர்டித்துக்கு அந்த வித்தியாசம் கடைசிவரை தெரியவில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் கட்டைவிரலை மூட்டுவரை வாய்க்குள் விட்டு எடுப்பாள். ச்சப். பக்கம் புரளும். பொய்ப்பல் ஈறை விட்டு எழும்பி மறுபடி உட்காரும். டக். இன்னொரு கை ஜாடியில் மீன் தேடும். அவள் படித்த புத்தகத்தைத் திறந்தால் வெங்காய வளையமோ சதகுப்பைத் தழையோ ஒட்டிக்கொண்டிருக்கும். வட்டத்தில் அவள் புத்தகம் கைமாறி வரும்போது நாங்கள் எல்லோரும் இரண்டு விரலால் பிடித்து, "அடடா, நல்லா இருக்கும்போல" என்று சொல்லி அடுத்தவரிடம் தள்ளிவிடுவோம். ஒருவர்கூட அவள் முகத்துக்கு நேரே எதுவும் சொன்னதில்லை. எங்கள் ஊர் அப்படி. வாந்தி வந்தாலும் விழுங்கிக்கொண்டு நன்றி சொல்வோம்.

எங்களுடையது எல்லோரும் ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு வாதாடுகிற வட்டம் அல்ல. அவரவர் கையில் அப்போது ஓடிக்கொண்டிருக்கும் புத்தகத்தைக் கொண்டுவந்து, எதுவரை வந்திருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். நடத்துபவர் கிளிஃபர்ட். தானியக் கிடங்கில் மேலாளராக இருந்தவர், எதிலும் ஒழுங்கு பார்ப்பவர். கையில் இருப்பதை முடித்து, "முடிச்சாச்சு" என்று வட்டத்தில் சொல்லாமல் யாரும் அடுத்ததைத் தொடக்கூடாது. முடித்தவரிடம் அடுத்த புத்தகம் இல்லையென்றால், தன் இடப்பக்கம் இருப்பவர் படிப்பதையே தானும் படிக்க வேண்டும். இந்த விதியால் கிளிஃபர்டே ஒருமுறை மூன்றாம் கல்யாணம் பற்றிய காதல் நாவலைப் படிக்க நேர்ந்து, நாங்கள் குளிர்காலம் முழுக்கச் சிரித்தோம். பாதியில் யாராவது இறந்துபோனால், அவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் படித்து முடித்துக் கொடுப்பதும் எங்கள் வழக்கம்.

அதற்காகத்தான் அன்று ஆர்டித்தின் நாற்காலியைச் சுற்றி உட்கார்ந்தோம். அவள் அதில்தான் செத்துக் கிடந்தாள். மடியில் ஜாடி, கையில் புத்தகம். டோனா வந்து பார்க்கும்போது சில நாள் ஆகியிருந்தது. நாற்காலியின் மெத்தையில் அவள் உட்கார்ந்த குழி அப்படியே இருந்தது. குழியின் நடுவில் கருத்த கறை.

"இப்போ என்ன படிக்கிறீங்க?" என்று கிளிஃபர்ட் ஆரம்பித்தார்.

நான் பிளாஸ்டிக் உறை போட்ட என் புத்தகத்தைக் காட்டினேன். ரொட்டிக்கடையில் நடக்கும் கொலை பற்றிய தடித்த துப்பறியும் நாவல். பாதிகூடத் தாண்டவில்லை. அடுத்து என் தங்கை நடீன்.

நடீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் புருஷன் ரான், மார்ச் கடைசியில் ஏரிப் பனிக்கட்டி மேல் வண்டியை ஓட்டிப்போய், அது உடைந்து உள்ளே போனவன். ஏரி அவனைத் திருப்பித் தர மே மாதம் ஆனது. அதிலிருந்து அவள் என் வீட்டில்தான் இருந்தாள். சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை. இந்த வட்டத்துக்கு இழுத்து வந்த பிறகுதான் கொஞ்சம் முகம் தெளிந்திருந்தது. எனக்கு மிச்சம் இருக்கிற ஒரே சொந்தம் அவள்.

நடீன் தன் புத்தகத்தைக் காட்டவில்லை. எழுந்துபோய் நாற்காலியின் கைப்பிடியில் இருந்த ஆர்டித்தின் புத்தகத்தை எடுத்துப் பின் அட்டையைப் படித்தாள்.

"கலங்கரை விளக்கத்துல இருக்கிற ஒருத்தியோட கதை. புருஷன் படகுல போயிட்டான், இவ காத்துட்டிருக்கா. பாவம் ஆர்டித், அவன் திரும்பி வந்தானான்னு தெரிஞ்சுக்காமலே போயிட்டாங்க." அட்டையை உள்ளங்கையால் துடைத்தாள். "நான் முடிச்சுத் தரேன்."

பக்கங்கள் ஒட்டியிருந்தன. இரண்டுமுறை நகத்தால் நெருடிப் பார்த்தாள். பிறகு யோசிக்காமல் கட்டைவிரலை நாக்கில் வைத்தாள். பக்கத்தில் தேய்த்தாள். பிரியவில்லை. அதே விரலை மறுபடி நாக்கில் வைத்தாள்.

"ஏய், அத வாயில வைக்காதடி!" நான் கத்திய கத்தலில் கிளிஃபர்டின் காப்பி சிந்தியது.

நடீன் உதட்டைச் சப்புக்கொட்டினாள். "உப்பா இருக்கு" என்றாள்.

மறுபடியும் விரலை வாயில் வைத்தாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நடீன் அறையை விட்டு வருவதே அபூர்வமாகிவிட்டது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றால் ச்சப் கேட்கும், பக்கம் புரளும் சத்தம் கேட்கும். கறியும் உருளைக்கிழங்கும் போட்டு வேகவைக்கிற ஹாட் டிஷ்ஷைச் சுடச்சுடச் செய்து வைத்தால் தொடமாட்டாள். சின்ன வயதில் மீன் வாடை பட்டாலே வீட்டை விட்டு ஓடியவள், கடையிலிருந்து ஹெர்ரிங் ஜாடி வாங்கிவந்து படுக்கையில் வைத்துக்கொண்டாள். தலையணை உறையில் வினிகர் கறை. கிட்டே போனால் அவள் வாயிலிருந்து புதினா வாடை வந்தது. எனக்குத் தெரிந்த வாடை. ஆனால் என் தங்கைக்கு எல்லாப் பல்லும் சொந்தப் பல்.

"இன்னுமா முடியல? கொஞ்சந்தானே இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"கடைசிப் பக்கங்க வர மாட்டேங்குது. ஒட்டிக்கிச்சு. கடைசிக்கு வந்ததும் மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சிடறேன்."

"தூக்கிப் போடு அந்தக் கர்மத்த."

"முடிக்காம எப்படி?" என்றாள். பேசும்போது அவள் தாடை ஒருமுறை தூக்கிப்போட்டது.

டக்.

ஒரு மதியம் அவள் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தாள். புத்தகம் வயிற்றின் மேல் விரிந்து கிடந்தது. இரண்டு கையும் பக்கவாட்டில் தொங்கின. நான் எதிரில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் பனி அள்ளும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

ச்சப்.

நடீனின் உதடு அசையவில்லை.

பக்கத்தின் மூலையில் ஒரு புள்ளி கருத்தது. மெல்லப் பரவி வட்டமானது. வட்டத்துக்குள் கட்டைவிரல் ரேகை தெரிந்தது.

பக்கம் எழுந்தது. தயங்கியது. விழுந்தது.

டக்.

நடீனின் கன்னம் அப்போதுதான் உப்ப ஆரம்பித்தது. தொண்டை ஏறி இறங்கியது. முகம் நீலம் பாரித்தது. பழக்கத்தில் என் கை தானாகக் கையுறையைத் தேடியது. அதற்கு நேரம் இல்லை. வெறுங்கையை அவள் வாய்க்குள் விட்டுத் தோண்டினேன். ஈரக் காகிதம் வந்தது. மென்று கூழாக்கிய காகிதம், சாம்பல் நிறத்தில், வெதுவெதுப்பாக, சதகுப்பைத் தழையும் வெங்காயமும் கலந்து. பிடி பிடியாக எடுத்தேன். எடுக்க எடுக்க வந்தது. எத்தனையோ வாய்களைப் பார்த்திருக்கிறேன், அன்றைக்குத்தான் முதன்முறையாக நோயாளிக்குப் பக்கத்திலேயே வாந்தியெடுத்தேன்.

புத்தகத்தில் ஒரு பக்கமும் குறையவில்லை. சரிபார்த்தேன்.

நடீன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மார்லிஸ், அவங்க என் வாயால படிக்கிறாங்க" என்று கிசுகிசுத்தாள். "முடியற வரைக்கும் விட மாட்டாங்க."

எரித்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. எரித்தால் புத்தகம் முடியாமலே போகும், ஆர்டித்தும் போகமாட்டாள். முடித்துத்தான் ஆகவேண்டும். எச்சில் இல்லாமல்.

கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து, ஒட்டிய பக்கங்களை ஆவியில் காட்டினேன். ஆர்டித் மொத்தமாக எழுந்து வந்ததுபோல் வாடை கிளம்பியது. கையுறை, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டு, பல்லில் காரை சுரண்டுகிற கொக்கியால் ஒவ்வொரு பக்கமாக நெம்பினேன். கோழை மாதிரி நூல் நூலாக இழுத்துக்கொண்டு பிரிந்தது. திட்டிக்கொண்டே செய்தேன். எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாம் தீர்ந்து, அப்பா அந்தக் காலத்தில் திட்டிய நார்வே வார்த்தைகளுக்கு வந்த பிறகுதான் கடைசிப் பக்கம் விட்டது.

கிளிஃபர்டிடம் மறுநாள் மதியமே ஆர்டித் வீட்டில் கூட்டம் போடச் சொன்னேன். காரணத்தைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "அந்த ஜாடி வாடை என் வண்டியிலயும் வருது" என்றார்.

எல்லோரும் வந்தார்கள். எல்லோரும் காலணியைக் கழற்றினார்கள். நடீனை அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் விடாமல், அதன் இடப்பக்கம் நானே உட்கார்ந்தேன். கையுறைக் கையால் பக்கத்தைத் திருப்பி உரக்கப் படித்தேன். கலங்கரை விளக்கத்துக்காரி விளக்கேற்றுகிறாள். கடலைப் பார்க்கிறாள். என் பக்கத்தில் காலி நாற்காலியின் மெத்தை கிறீச்சிட்டது. குழி இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் படிப்பதை நிறுத்தவில்லை.

அவன் திரும்பி வரவில்லை. அவள் விளக்கை அணைத்துவிட்டுக் கரைக்குப் போய்விடுகிறாள். அவ்வளவுதான் கதை.

நடீன் அழுதாள். ரான் போன நாளிலிருந்து அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி மூடி, எல்லோரும் கேட்கும்படி சொன்னாள்.

"ஆர்டித்துக்காக. முடிச்சாச்சு."

வாடை போய்விட்டது. ஜன்னலைத் திறந்தது மாதிரி, ஒரே மூச்சில். பக்கத்து நாற்காலியில் மெத்தை மெல்ல மேலெழுந்தது. நடீன் கிளிஃபர்டின் மனைவி கொண்டுவந்த ஹாட் டிஷ்ஷைத் தட்டு நிறையப் போட்டுக்கொண்டாள். "உப்பு போதல" என்று குறைகூட சொன்னாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக் கத்தவேண்டும்போல இருந்தது. கட்டிப்பிடித்தேன். கத்தவும் செய்தேன்.

கிளிஃபர்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல மனுஷர். யாரையும் விட்டுவிடக் கூடாது அவருக்கு. முடித்தவர் எவரானாலும் கேட்கிற கேள்வியை, எங்கள் ஊர் மரியாதை குறையாமல், அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக் கேட்டார்.

"அப்புறம், ஆர்டித்? அடுத்து என்ன படிக்கப் போறீங்க?"

கரண்டிகள் நின்றன.

"வாய மூடுங்க" என்று அவர் மனைவி கிசுகிசுத்தாள்.

பதில் ஒன்றும் வரவில்லை. யாரோ அசட்டுத்தனமாகச் சிரிக்க, மற்றவர்களும் சிரித்தார்கள். நானும்தான். வீட்டுக்கு வந்து வெந்நீரில் குளித்து, கையை முழங்கைவரை இரண்டுமுறை தேய்த்துக் கழுவினேன். அடுத்த அறையில் நடீன் குறட்டை விட்டாள். இத்தனை நாள் கழித்து நிம்மதியாக என் துப்பறியும் நாவலை எடுத்து, அடையாள அட்டை வைத்த இடத்தில் திறந்தேன்.

அதுவரை படித்த பக்கங்கள் சுத்தமாக இருந்தன. நான் இன்னும் படிக்காத அடுத்த பக்கத்தின் மூலை ஈரமாக இருந்தது. அதற்கடுத்த மூலையும் ஈரம்.

கிளிஃபர்டின் இடப்பக்க விதியும், அந்தக் காலி நாற்காலிக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தது யார் என்பதும் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தன. புத்தகத்தை மூடி வீச வேண்டும் என்று கை ஓங்கினேன். ஓங்கிய கையின் கட்டைவிரல் மூட்டுவரை நனைந்திருந்தது.

நாக்கில் உப்பும் வினிகரும் கரித்தன.

என் பற்கள், என் சொந்தப் பற்கள், ஈறை விட்டு ஒருமுறை எழும்பி உட்கார்ந்தன.