பிரிண்டருக்குள் மாட்டிய ராணி

இடி ஒன்று உருண்டால் போதும், கடலோரக் குளச்சலில் வீட்டுக்கு வீடு வயர்களைப் பிடுங்கிவிடுவார்கள். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையிலும் அதே சட்டம்தான். அன்று மாலை வானம் உறுமியதும் விக்டோரியா டீச்சர் முதலில் பிடுங்கியது பிரிண்டர் வயரை.

ஏழாம் வகுப்பு அபினா அதைக் கவனிக்கவில்லை. சொந்த வேலைக்குப் பிரிண்ட் எடுக்கக் கூடாது என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அபினாவோ வீட்டுக் கதவில் ஒட்டுவதற்காக, பூப்பூவான எழுத்தில் ‘கம்ப்யூட்டர் ராணி அபினா’ என்று அடித்து வைத்திருந்தாள். பிரிண்ட் பொத்தானை அழுத்தினாள். தாள் வரவில்லை. ராணிக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. அழுத்திக்கொண்டே இருந்தாள்.

“எல்லாத்தையும் நிறுத்துங்க மக்கா!” என்று டீச்சர் குரல் கொடுத்தார். அபினா கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஓடிவிட்டாள்.

மறுநாள் அறிவியல் கண்காட்சி. காலையில் வயர்களைத் திரும்ப மாட்டியது அவள் வகுப்புத் தோழி ரிஸ்மா. மேசைகளில் ஒட்டும் பெயர்த்தாள்களை அடிக்க, நேற்று அபினா இருந்த கம்ப்யூட்டரிலிருந்தே ரிஸ்மா பிரிண்ட் கொடுத்தாள். பிரிண்டரில் பச்சை விளக்கு எரிந்தது. தாள் மட்டும் வரவில்லை.

“ஏட்டி ரிஸ்மா, வயர எப்படி மாட்டின? ஒடச்சிட்டியா?” என்று டீச்சர் கேட்டார்.

“இல்ல டீச்சர், மெதுவாத்தான் மாட்டினேன்.”

“பின்ன ஏன் வரல்ல? இனி இந்த ரூமுல நீ எதையும் தொடாண்டாம்!”

ரிஸ்மா சுவரோரம் போய் நின்றாள். அவள் உதடு துடித்தது. அதைப் பார்த்த அபினா எழுந்து வந்தாள்.

“டீச்சர், நான் பாக்கட்டா?”

அபினா திரையில் பிரிண்டர் படத்தைத் தட்டினாள். ஒரு சின்ன ஜன்னல் திறந்தது. அங்கிருந்தவை லினக்ஸ் கம்ப்யூட்டர்கள். பிரிண்டரைக் கூப்பிட்டும் பதில் வராவிட்டால், அந்தக் கம்ப்யூட்டர் வேலையை நிறுத்திவைத்துவிடும். வயரை மாட்டினால் மட்டும் போதாது, ‘தொடங்கு’ என்று நாமும் சொல்ல வேண்டும். நிறுத்திய வேலைகள் வரிசையாகக் காத்திருந்தன. ராணி, ராணி, ராணி! எல்லாம் அவள் நேற்று அனுப்பியவை. ரிஸ்மாவின் பெயர்த்தாள் கடைசியில் பாவமாக நின்றது.

எல்லா ராணிகளையும் அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அபினாவின் விரல் அதற்குத்தான் போனது.

“பாத்துப் படிட்டி ரிஸ்மா. நீ கெடுத்தத அவ சரியாக்குகா,” என்றார் டீச்சர்.

அபினாவுக்குக் காது வரை சுட்டது. இவ்வளவு வெட்கம் அவளுக்கு இதுவரை வந்ததே இல்லை. விரலை நகர்த்தி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, ‘தொடங்கு’ பொத்தானை அழுத்தினாள்.

கர்ர்ர்... பிரிண்டர் விழித்துக்கொண்டது. ராணிகள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். வகுப்பே சிரித்தது. தட்டில் இருந்த தாள் தீரும் வரை ராணிகள் ஓயவில்லை.

“இது ஆருக்க வேல?” என்று டீச்சர் கேட்டார்.

“எனக்க வேலதான் டீச்சர்,” அபினா தலையைத் தூக்கவில்லை. “நேத்து நான்தான் அனுப்பினேன். அதுலதான் நின்னு போச்சு. ரிஸ்மா ஒண்ணும் செய்யல்ல.”

 டீச்சர் ரிஸ்மாவிடம் போனார். “உன்ன சும்மா ஏசிட்டேன் மக்கா. மனசுல வெக்காத.” அபினாவைப் பார்த்து, “இருந்த தாளும் தீந்துட்டு. இனி எதுல அடிக்க?” என்றார்.

ரிஸ்மா ஒரு ராணியைத் திருப்பிக் காட்டினாள். “பின்பக்கம் வெள்ளையாத்தான் இருக்கு டீச்சர்.”

கண்காட்சி நன்றாகத்தான் நடந்தது. ஆனால் கடல்காற்று சும்மா இருக்குமா? மேசை விளிம்பில் தொங்கிய ‘எரிமலை’யும் ‘காற்றாலை’யும் அடிக்கடி தூக்கிக்கொள்ள, பின்னாலிருந்து ராணி எட்டிப் பார்த்தாள்.

“இதாரு ராணி?” என்று வந்தவர்களெல்லாம் கேட்டார்கள்.

அபினா முகம் சிவக்க மேசை மேசையாக ஓடித் தாள்களை அமுக்கினாள். டேப்போடு ரிஸ்மா வந்து நின்றாள்.

“எனக்க மேல கோவம் இல்லியா?” என்று அபினா மெல்லக் கேட்டாள்.

“இருந்துது. அந்தத் தாளெல்லாம் வந்தப்ப உனக்க மூஞ்சியப் பாத்தேன், கோவம் போயிட்டு,” என்று ரிஸ்மா சிரித்தாள். “இறுக்கிப் பிடிட்டி ராணி, நான் ஒட்டுகேன்.”

ராணி மேசைக்குக் கீழே குனிந்து, தாளின் மூலையை இறுக்கிப் பிடித்தாள்.