குரோமுக்கு அடியில்

துரு என்றால் உலர்ந்து உதிர வேண்டும். இது விரலில் பிசுபிசுத்தது. பாலிஷ்காரி கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டிப் பிரித்துப் பார்த்தாள். சளி மாதிரி ஒரு பழுப்பு நூல் நீண்டு அறுந்தது.

அண்ணன் காலையில்தான் தன் பழைய காரின் முன்பக்க பம்பரைக் கழற்றிக் கொண்டுவந்து, அவள் பட்டறை மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். கட்டினவளைக்கூட இந்த மனுஷன் இப்படித் தாங்கியதில்லை என்று அண்ணியே வாய்விட்டுச் சொல்லும் கார் அது. மகள் கல்யாணத்துக்கு அதில்தான் போக வேண்டுமாம். மேலோட்டமாகப் பளபளப்பாக்கினால் போதும், பழைய முலாமை மட்டும் உரிக்காதே என்று இரண்டு தடவை சொன்னார். பதினெட்டு வருஷமாக இதே தொழிலில் கிடப்பவளுக்குப் பாடம் நடத்துகிறாரே என்று அவள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

தகரக் கூரை உச்சி வெயிலில் படபடவென்று முறுகிக்கொண்டிருக்க, கசக்கிய அலுமினியத் தாளைத் தண்ணீரில் தோய்த்து அவள் தேய்க்கத் தேய்க்க, குரோம் மேலிருந்த கறை கரைந்து வழிந்து, பெயிண்ட் தின்னர் வாசனையையும் பாலிஷ் வாசனையையும் தாண்டிக்கொண்டு வேறொரு நாற்றம், சொத்தைப் பல்லைக் குடைந்த குச்சியின் நாற்றம், மெல்ல மூக்கில் ஏறி தொண்டையில் உட்கார்ந்தது. எலி ஏதாவது செத்து ஒட்டியிருக்கும் என்று பம்பரைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் சுத்தமாக இருந்தது.

விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனாள். டிங், டிங் என்றது. இடது ஓரத்தில் தொப்பென்றது. யாரோ நசுங்கலை ஈயம் வைத்து நிரப்பி, மேலே முலாம் பூசியிருக்கிறார்கள். அங்கே குரோம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. இதன் மேல் மெழுகு பூசினால் ஈரம் உள்ளேயே நின்று அரித்துவிடும். தெரிந்தே ஒப்பேற்ற அவளுக்கு மனசு வரவில்லை. கத்தி முனையால் ஒரு கொப்புளத்தை நெம்பினாள்.

வெந்த தோல் மாதிரி கழன்று வந்தது.

அடியில் ஈயம் இல்லை. இளஞ்சிவப்பாக ஏதோ இருந்தது. ஈரமாக. தொட்டாள். அமுங்கியது. வெதுவெதுப்பு.

தொட்டிக்கு ஓடினாள். கையைத் தின்னரில் கழுவினாள். மறுபடி கழுவினாள். நாற்றம் போகவில்லை. திரும்பி வந்தபோது அந்தச் சிவப்பின் நடுவில் அரிசி மாதிரி ஒரு வெள்ளை முளைத்திருந்தது.

பல்.

பக்கத்தில் இன்னொன்று.

போன் போட்ட கால் மணி நேரத்தில் அண்ணன் வந்துவிட்டார். பம்பரைப் பார்த்தார். அதிர்ச்சியாகவே இல்லை அவருக்கு.

"உரிக்காதேன்னு சொன்னேனேம்மா."

"என்னண்ணா இது?"

அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பழைய வியாதியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு மழையில், ஆளில்லாத ரோட்டில், வண்டி எதன் மேலோ மோதியிருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகுதான் நசுங்கலைப் பார்த்தாராம். ஈயம் வைத்து அடைத்த மாசமே அது இளகிவிட்டது.

"இறங்கிப் பாத்திருக்கணும்," என்றார். "பாக்கல."

வெட்டி எடுத்து உருக்கிப் போட்டுவிடலாம் என்றாள் அவள். இது மூணாவது பம்பர் என்றார் அவர். ஒவ்வொன்றிலும் அதே இடத்தில்தான் வந்ததாம்.

"காயவிட்டாத்தான் கத்தும். மெழுகு தடவினா அடங்கிடும்."

அவளுக்கு வாயெல்லாம் உமிழ்நீர் ஊறியது. விழுங்க முடியவில்லை. துப்பவும் முடியவில்லை.

அண்ணன் மெழுகு டப்பாவைத் திறந்தார். எப்போதும் போட்டிருக்கும் கையுறையைக் கழற்றினார். அவருடைய வலது கட்டைவிரல் தண்ணீரில் நாள்கணக்காக ஊறியது போல வெளுத்துச் சுருங்கியிருந்தது. நகம் இல்லை. அதை மெழுகில் தோய்த்து அந்தச் சிவப்புக் குழிக்குள் வைத்தார்.

குழி மூடியது.

சப். சப். சப்.

விரல் முட்டி வரை உள்ளே போனது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். பால் குடிக்கும் குழந்தையைத் தட்டுவது போல, மற்ற கையால் பம்பரைத் தட்டிக்கொடுத்தார்.