பூசை போட்ட பொட்டி

சென்னிமலை ஆண்டவர் சாட்சியாகச் சொல்கிறேன்: கீழே எழுதியிருப்பதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது. அவர் சொல்ல இவர் கேட்டு, இவர் சொல்ல நான் கேட்டேன் என்று இழுக்கிற ரகமில்லை நான். பட்டவன் சசிதர். அவன் வாயிலிருந்து வந்ததை வந்தபடியே வைக்கிறேன், உப்புக்கூடச் சேர்க்கவில்லை. நம்பாதவர்கள் இப்போதே எழுந்துபோய்க் காப்பி குடிக்கலாம்.

பொட்டு கண்ணாடிக்கு உள்ளே இருந்தது.

லாப்டாப்பின் மூடியைத் திறந்ததும் சசிதர் கவனித்தது அதைத்தான். மூடியின் வெளிப்பக்கத்தில் ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். அது தெரிந்த விஷயம். அன்றைக்கு ஆயுத பூஜை, மாமாவின் நூல் மில்லில் பொட்டு வைக்காத பொருளே இல்லை. ஆனால் உள்ளே, திரையின் நடுவிலிருந்து கொஞ்சம் கீழே, இன்னொன்று இருந்தது. கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் துடைத்தான். போகவில்லை. கைக்குட்டையால் தேய்த்தான். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தபோது டியூப்லைட்டின் வெளிச்சக்கோடு பொட்டுக்கு முன்னால் வழுக்கி ஓடியது. பொட்டு அதற்குப் பின்னால் நின்றது.

முட்டாள்கள், என்று நினைத்தான். எப்படிச் செய்தார்கள் என்று அவன் யோசிக்கவில்லை. முட்டாள்கள் எதையும் செய்வார்கள் என்பது அவன் அமெரிக்காவில் இரண்டு வருஷம் படித்துத் தெரிந்துகொண்டு வந்த முடிவு.

பீளமேட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைதான். ஆனால் திரும்பி வரும்போது ஊர் மரியாதையான 'ங்க'வை விமானத்திலேயே மறந்து வைத்துவிட்டு இறங்கினான். கூட எடுத்து வந்தது அந்த லாப்டாப் ஒன்றுதான். அங்கே யாரோ வேண்டாம் என்று கழித்ததை வாங்கியது. அம்மிக்கல் கனம். பாட்டரி செத்து ரொம்ப நாளாயிற்று. சுவரில் ஒயர் சொருகியிருந்தால்தான் அதற்கு உயிர், உருவினால் அந்த நொடியே அணைந்துவிடும். இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமா வரதராஜுலு ஸ்பின்னிங் மில் முதலாளி. காலையில் பூஜை முடிந்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து, சொந்தக்காரர்கள் எல்லாம் கையில் பொரியோடு நிற்கிறபோதுதான் பேச்சை எடுத்தார்.

"ஏம்ரா சசி, வந்ததுல இருந்து இந்தப் பொட்டியத் தூக்கிட்டுத் திரியற. ஒரு நாளாச்சும் இது கணக்குக் காட்டி நான் பாக்கலியே?"

"இதுல இருக்கிற விண்டோஸ் பழசு மாமா. புதுக் கணக்கு ப்ரோக்ராம் விண்டோஸ் தொண்ணூத்தஞ்சுலதான் ஓடும். அதை ஏத்தணும்."

"அப்ப ஏத்து. நாளைக்கு விஜயதசமி, எல்லாரும் வருவாங்க. பஞ்சு எவ்வளவு, நூல் எவ்வளவுன்னு அவுங்க முன்னாடி இது சொல்லுச்சுன்னா மேனேஜர் ரூம் உனக்கு. சொல்லலீன்னா வம்சிக்கு. நீ பஞ்சு கொடவுன்ல உக்காந்து மூட்டையப் பாரு."

வம்சி மாமாவின் தம்பி மகன். பி.காமை இரண்டு மூச்சில் முடித்தவன். பொரியை வாயில் போட்டுக்கொண்டு, "ஆல் தி பெஸ்ட் சசி," என்றான். அந்த மென்று விழுங்கிய ஆங்கிலம்தான் சசிதருக்குத் தாங்கவில்லை.

ஆகவே மத்தியானம் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, மேனேஜர் ரூமில், அந்த நாற்காலியில், அவன் உட்கார்ந்தான். புது விண்டோஸ் இருந்த ஃப்ளாப்பிக் கட்டைப் பிரித்தான். ஒவ்வொரு ஃப்ளாப்பியிலும், சரியாக அதன் வாயை மூடுகிற தகரக் கதவின் மேல், சந்தனம். நடுவில் குங்குமம்.

"யோவ் கந்தப்பா!"

கந்தப்பன் மில்லின் ஃபிட்டர். சந்தனக் கிண்ணத்தைக் கழுவ எடுத்துப் போய்க்கொண்டிருந்தவர் கதவருகே வந்து நின்றார்.

"இது என்னய்யா?"

"சந்தனமுங்க."

"அது தெரியுது. ஃப்ளாப்பிக்கு எதுக்குய்யா சந்தனம்?"

"மொதலாளி எல்லாத்துக்கும் வெக்கச் சொன்னாருங்க. ஒண்ணுக்கு வெச்சு ஒண்ண உட்டுப்போட்டா நல்லாருக்காதுங்களே."

"உங்களை எல்லாம் வெச்சுக்கிட்டு என் மாமா மில்லு நடத்தறாரு பாரு."

கந்தப்பன் அதற்குக் கோபப்படவில்லை. பிளக்கைக் கையில் எடுத்த சசிதரைப் பார்த்தார். "ஏனுங்க தம்பி, பூசை போட்ட ஆயுதத்த நாளைக்குக் காத்தால கற்பூரம் காட்டற வரைக்கும் யாரும் எடுக்கறதில்லீங்க. எங்கூட்டுல இன்னிக்கு அருவாமணையக்கூடத் தொட மாட்டாங்க. தயிர ஊத்தித் தின்னுபோட்டுப் படுத்துக்குவோமுங்க."

"இது ஆயுதமில்ல. கம்ப்யூட்டர்."

"தம்பி எதப் பொழங்கறீங்களோ அதுதானுங்களே தம்பிக்கு ஆயுதம்." கிண்ணத்தின் அடியில் மிச்சமிருந்த சந்தனத்தை விரலால் வழித்தார். "அப்படிப் பாத்தா நாக்குக்கும் ஒரு பொட்டு வெச்சறலாமுங்களா? இந்த மில்லுல லீவே இல்லாம ஓடறது அது ஒண்ணுதானுங்க."

முகத்தில் சிரிப்பில்லை. மரியாதையில் ஒரு குறையுமில்லை.

"கெட் அவுட்."

"சரிங்க. வாரேனுங்க. ஹால் பூட்டியாச்சுங்க, மெயின் சுவிட்ச எறக்கிப்போட்டேன். ஆபீஸ் லைன் மட்டும் இருக்குதுங்க." செருப்புச் சத்தம் வராந்தாவில் தேய்ந்து, கேட்டுச் சங்கிலி ஒருமுறை குலுங்கி, அடங்கியது.

சசிதர் வேலையைத் தொடங்கினான். கட்டைவிரலை நாக்கில் நனைப்பான், ஃப்ளாப்பியின் பொட்டைத் துடைப்பான், பேன்ட்டில் தேய்ப்பான், பொட்டிக்குள் தள்ளுவான். அடுத்ததற்கு மறுபடி அதே விரல், அதே நாக்கு. வாயெல்லாம் சந்தனக் கசப்பும் குங்குமத்தின் சுண்ணாம்பு நெடியும். ஒவ்வொரு துடைப்புக்கும் ஒருவரைத் திட்டினான்: கந்தப்பனை, மாமாவை, வம்சியை, கோயமுத்தூரை. கேட்க ஆள் இல்லாததால் தாராளமாகவே திட்டினான்.

அந்த அறையின் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதன் வழியாக ஸ்பின்னிங் ஹால் தெரியும், மேனேஜர் உட்கார்ந்த இடத்திலிருந்தே யார் தூங்குகிறார்கள் என்று பார்த்துக்கொள்வதற்காக வைத்தது. இப்போது அங்கே வரிசை வரிசையாக நூல் நூற்கிற ரிங் ஃப்ரேம்கள், ஒவ்வொன்றின் தலையிலும் சாமந்தி மாலை, காலில் வாழைக்கன்று, ஸ்பிண்டில் கம்பிகளில் வெற்று பாபின்கள், நூலில்லாமல், அசைவில்லாமல். வருஷம் முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டு பேச வேண்டிய இடத்தில் அன்றைக்கு ஒரு ஈ பறந்தால் கேட்கும். பாலக்காட்டுப் பக்கமிருந்து மழை மேகம் ஏறி வர, ஹாலுக்குள் மத்தியானமே சாயங்காலம் மாதிரி கறுத்தது. பஞ்சுத் தூசியும் ஸ்பிண்டில் எண்ணெயும் அணைந்த கற்பூரமும் கலந்த வாசனை, ஈரமாக, கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. அந்த நிசப்தத்தில் பொட்டி மட்டும் சத்தம் போட்டது. க்ரக். க்ரக். ஒரு ஃப்ளாப்பியைத் தின்று முடித்ததும் நிறுத்தி, அடுத்ததைக் கேட்டது. திரையில், எவ்வளவு ஏறியது என்று காட்டுகிற நீலக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. நீண்டு, அந்தப் பொட்டுக்கு அடியில் புகுந்து, அந்தப் பக்கம் வெளியே வந்தது.

கடைசி ஃப்ளாப்பியில் சந்தனம் தகரத்துக்கு உள்ளேயே போய்க் காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினான். நாக்கையே வைத்து நனைத்தான். ஊதினான். உள்ளே தள்ளியதும் பொட்டி இருமியது, படிக்க முடியவில்லை என்றது. வெளியே எடுத்துத் துடைத்துத் திரும்பப் போட்டான். மறுபடியும் அதே பேச்சு.

ஒரு ஃப்ளாப்பி. ஒரே ஒரு ஃப்ளாப்பி. அதற்குப் பதில் வாங்க இன்றைக்கு ஊரில் ஒரு கடை திறந்திருக்காது. எல்லாக் கடைக்காரனும் தராசுக்குப் பொட்டு வைத்துவிட்டுத் தூங்கியிருப்பான். நாளைக்கு எல்லோர் முன்னாலும் வம்சி பொரி தின்பான். பஞ்சு கொடவுன் கண்ணுக்குத் தெரிந்தது, தகரக் கூரை, மூட்டை, எலி. ஃப்ளாப்பியை வெளியே இழுத்து மேஜைமேல் எறிந்தான்.

க்ரக்.

எறிந்த ஃப்ளாப்பி மேஜைமேல் கிடந்தது. பொட்டியின் வாய் காலி. உள்ளே ஒன்றுமில்லாமல் அது படித்துக்கொண்டிருந்தது. க்ரக். க்ரக். சீராக, பசியாக. நீலக் கோடு நகர்ந்தது.

முதலில் அவனுக்கு வந்தது சந்தோஷம்தான். இதை அவன் மறைக்கவில்லை. எப்படியோ ஓடுகிறது, ஓடட்டும் என்று நினைத்தான்.

பிறகு அந்த வாயின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ துருத்தியது. மில்லில் பஞ்சு புகாத இடம் ஏது, கிள்ளி எறியலாம் என்று பிடித்து இழுத்தான். வந்தது. இன்னும் வந்தது. பஞ்சு இல்லை, நூல். முறுக்கேறிய, மெல்லிய, நல்ல நூல். ஈரமாக இருந்தது. கதகதப்பாக இருந்தது. விரலில் சுற்றிக்கொண்டு இழுத்தபோது அவனுடைய நாக்கின் அடியில் சுருக்கென்றது.

மலைப்பக்கம் இடி உருண்டது. டியூப்லைட் அணைந்தது. தலைக்கு மேல் மின்விசிறி ஒவ்வொரு சுற்றாகக் களைத்து நின்றது.

கரண்ட் போய்விட்டது.

பொட்டியின் திரை எரிந்துகொண்டிருந்தது.

பிளக்கை உருவினான். எரிந்தது. பொட்டியைக் கவிழ்த்து, செத்த பாட்டரியை நெம்பி வெளியே எடுத்தான். அது அவன் கையில் ஒரு செங்கல் மாதிரி குளிர்ந்து கிடந்தது. பொட்டியை மட்டும் நிமிர்த்தி வைத்தான். எரிந்தது. நீலக் கோடு நகர்ந்தது.

அப்போதுதான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது கேட்டது. உய்ய்ய் என்று, கொசு மாதிரி, மெலிசாக.

ஒரே ஒரு ஸ்பிண்டில்.

பார்க்காமல் இருக்கலாம் என்று நினைத்தான். பார்த்தான். முதல் ஃப்ரேமின் கோடியில் ஒரு பாபின் சுற்றிக்கொண்டிருந்தது. மெயின் சுவிட்ச் இறக்கியிருந்தது. ஹால் பூட்டியிருந்தது. பக்கத்து பாபின் சுற்ற ஆரம்பித்தது. அதற்கடுத்தது. கோடு நகர நகர, ஒவ்வொன்றாக, வரிசையாக. சாமந்தி மாலைகள் ஆடின. வாழை இலைகள் படபடத்தன. பஞ்சு போடவில்லை. யாரும் போடவில்லை. ஆனால் பாபின்களில் நூல் ஏறியது.

எதை நூற்கிறது?

எழுந்தான். வாயைத் திறந்தான்.

"கந்தப்பண்ணா! இங்க வாங்க! வாங்க!"

விமானத்தில் விட்டு வந்தது அப்போதுதான் ஊர் வந்து சேர்ந்தது. ஆனால் தாமதம். இரண்டாவது 'வாங்க' முழுசாக வெளியே வரவில்லை. பாதியில் சிக்கியது. நாக்கின் மேல் ஏதோ புரண்டது. முடியோ என்று விரலை விட்டுப் பிடித்தான்.

நூல்.

இழுத்தான். வலித்தது. இழுக்காமல் விட்டான். அது தானாகப் போனது. உதட்டைத் தாண்டி. மேஜையைத் தாண்டி. பொட்டியின் வாய்க்குள்.

கத்தினான். சத்தம் வரவில்லை. சத்தம் வரவேண்டிய இடத்திலிருந்து நூல் வந்தது. கத்தக் கத்த வேகமாக வந்தது. ஹாலில் அடுத்த ஃப்ரேம் கிளம்பியது. அதற்கடுத்தது. தரை அதிர்ந்தது. திட்டினான். கெஞ்சினான். எல்லாம் நூலாகப் போயிற்று.

வாயை மூடினான். உதட்டை அறுத்துக்கொண்டு போனது.

கோடு முடிந்தது. திரை கறுத்தது.

கறுத்த கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. மத்தியானம் துடைத்துப் போகாத பொட்டு அங்கேயே இருந்தது. இப்போது அது எதன்மேல் வைத்தது என்று தெரிந்தது. திறந்த வாய்க்குள். நாக்கின் நடுவில். சந்தனம், நடுவில் குங்குமம்.

அவனுக்குப் பின்னால், அதே கண்ணாடியில், ஹால் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. பாபின்கள் பருத்துக்கொண்டே போயின. முதல் வரிசைகள் வெள்ளை. அப்புறம் இளஞ்சிவப்பு. கடைசி வரிசைக்கு வந்தபோது நல்ல குங்குமச் சிவப்பு.

மேனேஜர் ரூம் வம்சிக்குப் போயிற்று. சசிதர் பஞ்சு கொடவுனில்தான் உட்கார்ந்திருக்கிறான். அந்த ஆயுத பூஜை நாளிலிருந்து இன்றுவரை அவன் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை, ஒரு வரி எழுதிக் காட்டியதும் இல்லை.